கொசஸ்தலையாறு காட்டும் கணக்கு

மக்கள்தொகைப் பெருக்கம் என்றவுடன் வீட்டுக்கு எத்தனை குழந்தைகள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். திருவள்ளூர் மாவட்டத்தில் அக்கணக்குப் பொருந்தாது. 2001இல் 27.5 லட்சமாயிருந்த இம்மாவட்ட மக்கள் 2011இல் 37.2 லட்சமாயினர். பத்தே ஆண்டுகளில் நூற்றுக்கு 35 பேர் பெருக்கம்! தமிழகம் முழுமைக்கும் அது 16ஐ எட்டவில்லை. தமிழகத் தாய் ஒருத்திக்கு இன்று சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. ஆகவே இங்குக் கூட்டம் சேர்ந்ததற்குத் தொட்டில்கள் பெருங்காரணமல்ல. கும்மிடிப்பூண்டி ஆலைகளும் சென்னையின் விரிவும் அழைத்தன. பிழைப்பு நாடி மக்கள் வந்தனர். வந்தவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

ஆனால் அனைவருக்கும் நீர் வேண்டுமே! அப்பாரத்தைச் சுமப்பவற்றுள் ஒன்று, பள்ளிப்பட்டுப் பகுதியில் உருக்கொண்டு எண்ணூரில் கடலையடையும் கொசஸ்தலையாறு. மழை பொய்த்தால் அதன் மடியில் மணலே மிஞ்சும். பெய்தாலோ, 2021 நவம்பரில் கண்டதுபோல், ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டுத் தரைப்பாலங்கள் மூழ்கும். அம்மணலை அற்பமாக எண்ணலாகாது. வெள்ளத்தை உறிஞ்சிவைத்துக் கோடையில் கிணறுகளுக்கு ஊட்டுவது அதுவே. மாடிவீடுகளுக்கென அதை லாரி லாரியாக அள்ளியபின், கரையோரக் கிணறு வற்றியதேன் என்று வியப்பது வீண்.

1944இல் பூண்டியில் இவ்வாற்றைத் தேக்கினார்கள். தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அந்நீர்த்தேக்கம் சோழவரம், புழல் ஏரிகளின் வழியே சென்னையின் தாகம் தீர்த்தது. 1941இல் சென்னை மக்கள் 8 லட்சத்துக்கும் குறைவு. 2011இலோ நகரும் புறநகரும் சேர்ந்து 86 லட்சம். 1983 ஒப்பந்தப்படி 1996 முதல் கிருஷ்ணா நீர் வந்தும் போதவில்லை. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்ததை மறக்க முடியுமா?

இதற்கிடையே நிலத்தடி நீரிலும் கைவைத்தோம். மீஞ்சூர்ப் பக்கத்தில் பயிருக்கும் ஆலைக்கும் நகருக்கும் அளவின்றி இறைத்ததால் நன்னீர் தாழ்ந்தது. கடல்நீர் மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து கிணறுகளில் புகுந்தது. பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே 2010இல், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை திறக்கப்பட்டது. இருந்த நன்னீரை உப்பாக்கிவிட்டு, உப்புநீரை மின்சாரம் செலவிட்டு நன்னீராக்கும் விந்தை! வறண்ட ஆண்டுகளில் உழவரிடம் கிணற்று நீரை நகருக்கென விலைக்கு வாங்கும் வழக்கமும் வந்தது. கிணறுடையவர் பணம் பெற்றார். அவர் வயலில் நாற்று நட்டு வந்தவளுக்கு என்ன கிடைத்தது? நடவில்லை, கூலியுமில்லை. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துவது இதுவே.

இனி எண்ணூர்க் கழிமுகம். நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடத்தில்தான் இறால் குஞ்சுகள் வளரும். அலையாத்திச் செடிகளின் வேர்களிடையே மீன்கள் ஒதுங்கும். மேலே நீரைத் தடுத்தோம். கீழே அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப் பறக்கவியலாமல் தவித்தன. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களின் உடலிலும் அவ்வெண்ணெய் அப்பிற்று. ஆற்றிலிருந்து அவர்கள் எடுத்ததோ, அன்றன்றைய உலைக்கு வேண்டியது மட்டுமே.