உஷார்! அந்த பாயின்டர் காஸ்ட் உங்களைக் கவிழ்த்துவிடும்!

சி-யில் ஃபர்ம்வேர் எழுதுகிற பிள்ளைகளே, கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். இந்த ஆபத்து உங்கள் கோடிலும் பதுங்கியிருக்கலாம்!

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பாய்லரின் வெப்பத்தைக் காட்டும் கருவிக்குக் கோடு எழுதினான். மாட்பஸில் வரும் இரண்டு 16 பிட் ரிஜிஸ்டர்களை ஒரு அரேயில் போடுவான். அதன் முகவரியைச் சின்ன ஃபங்ஷன் ஒன்றுக்கு அனுப்பி, அங்கே ஃப்ளோட் பாயின்டராக காஸ்ட் செய்து மதிப்பை எடுப்பான். டீபக் பில்டில் மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லை. ரிலீஸுக்கு ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டான். பாய்லர் சூடேறுகிறது, கருவியோ முந்தைய எண்ணையே காட்டுகிறது! பிரின்ட்எஃப் சேர்த்தால் சரியாகிவிடும். எடுத்தால் மறுபடியும் தப்பு. பாவம், சென்சாரை மாற்றினான், வயரை மாற்றினான், மூன்று ராத்திரி தூங்கவில்லை. அத்தனைக்கும் காரணம் அந்த ஒரே ஒரு காஸ்ட்.

சி தரநிலை கறாராகச் சொல்கிறது: ஒரு டைப்பில் இருப்பதைச் சம்பந்தமில்லாத இன்னொரு டைப் வழியே தொடக்கூடாது. இந்த விதிக்குப் பெயர் ஸ்ட்ரிக்ட் அலயாசிங். அதனால் ஃப்ளோட் பாயின்டரும் 16 பிட் இன்டிஜர் பாயின்டரும் ஒரே இடத்தைக் காட்டாது என்று கம்பைலர் நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கையில், எழுதி முடிக்கும் முன்பே படித்துவிடும். ஜிசிசியில் ஓ2 போட்டாலே இது தானாக இயங்கும். யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள்!

டீபக்கில் ஓடி ரிலீஸில் சொதப்புகிறதா? பிரின்ட்எஃப் போட்டால் பிழை மறைகிறதா? கம்பைலரின் வெர்ஷனை மாற்றியதும் விடை மாறுகிறதா? உடனே காஸ்ட்களைத் தேடுங்கள்.

"கேரக்டர் பாயின்டருக்குத்தான் விலக்கு உண்டே" என்பீர்கள். அது ஒருவழிப்பாதை, கண்ணுகளா! எதையும் பைட் பைட்டாகப் படிக்கலாம். ஆனால் கேரக்டர் அரேயாக அறிவித்த பஃபரை இன்ட் ஆகவோ ஸ்ட்ரக்ட் ஆகவோ படிக்கக்கூடாது. நெட்வொர்க் பாக்கெட்டைப் பிரிக்கும் கோடில் பலர் விழுவது இங்கேதான். அதோடு, இன்ட் ஆகப் படிக்கும் முகவரி நான்கால் வகுபடாவிட்டால் கார்டெக்ஸ்-எம்0 சிப் ஹார்ட்ஃபால்ட்டாகி அப்படியே நின்றுவிடும்.

வார்னிங் வரவில்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கம்பைலரின் வால் (-Wall) ஃபிளாக் எல்லாவற்றையும் பிடிக்காது. யுபிசான் இந்த டைப் விதி மீறலைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது!

அப்படியானால் என்ன செய்வது? காஸ்டுக்குப் பதிலாக மெம்காப்பி போடுங்கள். வேகம் போய்விடுமோ என்ற பயமே வேண்டாம். நான்கு பைட் நகலை ஆப்டிமைசர் பெரும்பாலும் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாகச் சுருக்கிவிடும். சி-யில் யூனியனும் சரிதான். சி++-இல் அதுவும் ஆபத்து, அங்கே சி++20 தரும் பிட்-காஸ்ட் இருக்கிறது.

பழைய பெரிய கோடு, எல்லாவற்றையும் திருத்த நேரமில்லையா? லினக்ஸ் கெர்னலே செய்வதுபோல 'நோ ஸ்ட்ரிக்ட் அலயாசிங்' ஃபிளாக்கைப் போட்டுவையுங்கள். ஆனால் வகுபடாத முகவரிக்கு அது மருந்தில்லை. அங்கே அந்த காஸ்ட் போயே ஆக வேண்டும்.