ஆப் போச்சு... ஆபத்து போகலியே!

கொட்டிவாக்கம் பஸ் ஸ்டாப். செல்போனில் ஆப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒரு நொடியில் காணாமல் போகிறது. "சனியன் தொலைஞ்சுது!" என்று போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். கடன் ஆப்பில் மாட்டியவர்கள் முதலில் செய்யும் காரியம் இதுதான்.

தொலையவில்லை! மறுநாள் மாமனாருக்குப் போன் போகிறது. கடை முதலாளிக்குப் போகிறது. பால்காரரையும் விடுவதில்லை. "உங்க ஆளு பணத்தை ஏப்பம் விட்டுட்டாரு..."

எப்படி?

ஆப்பை ஏற்றும்போதே போனில் உள்ள நம்பர்களையும் போட்டோக்களையும் பார்க்க அனுமதி கேட்கும். பண அவசரத்தில் யார் படிக்கிறார்கள்? 'ஓகே... ஓகே' என்று தட்டியதும் எல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். போனில் தெரிகிற ஆப் வெறும் வாசல் கதவு. கதவைக் கழற்றி எறிந்தால் உள்ளே போன சரக்கு திரும்பி வருமா?

2021 ஜனவரியில் இப்படிப்பட்ட கடன் ஆப் கும்பல் ஒன்றைச் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் பெங்களூரில் மடக்கினார்கள். சிக்கியது 4 பேர். அதில் 2 பேர் சீனர்கள்! கடன் வாங்கியவர்களை மிரட்டக் கால் சென்டரே நடத்தியது அம்பலமானது.

நம்பரைத் தொடக்கூடாது

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கிடுக்கிப்பிடி போட்டது. கடன் ஆப்கள் போனில் உள்ள நம்பர் பட்டியல், போட்டோ, பேசிய விவரம் எதையும் தொடக்கூடாது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். தகவலை அழிக்கவும் சொல்லலாம். அதற்காகக் கடன் பாக்கிக் கணக்கையே அழி என்றால் நடக்காது. அது வேறு.

எனவே ஆப்பை அவசரப்பட்டுத் தூக்கக்கூடாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை நீக்கச் சொல்ல வேண்டும். தகவலை அழிக்கும்படி ஈமெயிலும் அனுப்பி நகல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் ஆப்பை எடுப்பது. முன்பே எடுத்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. கூகுள் பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்திலேயே கணக்கை அழிக்கும் லிங்க் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். திருட்டு ஆப்பிடம் இதெல்லாம் செல்லாது. அது போலீஸ் கேஸ்.

250 கோடி அபராதம்

எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக 2023-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. தகவலைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் வெளிவந்ததோ 2025 நவம்பரில். அதிலும் முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள்! அபராதப் பணம் போவது அரசு கஜானாவுக்கு. மானம் போனவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.

ஏற்கனவே மிரட்டல் வந்துவிட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யலாம். வந்த மெசேஜ்களை மட்டும் ஆத்திரத்தில் அழித்துவிடக் கூடாது. போலீசார் முதலில் கேட்பது அதைத்தான்.