வெறும் வண்டி ஓட்டாதீங்க!

போன வருஷம் வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி. ஏரலிலிருந்து பாளையங்கோட்டைக்கு மூணு தடவை கார் பிடித்துப் போனோம். டாக்டரைப் பார்க்க ஒரு தடவை, ஸ்கேன் எடுக்க ஒரு தடவை, ஸ்கேனைக் காட்ட ஒரு தடவை. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஸ்கேன் எடுக்கும் கட்டிடம் வேறு இடத்தில். அங்கே கொண்டுவிட ஆஸ்பத்திரி வேன் ஒன்று ஓடுகிறது. பன்னிரண்டு பேர் உட்காரும் டீசல் வேனில் ஏறியது நாங்கள் ரெண்டே பேர். கிளம்பும்வரை ஏ.சி.க்காக இன்ஜினை நிறுத்தவில்லை. புகை முழுவதும் வாசலில் காத்திருந்த நோயாளிகள் மேல்தான்.

"ஆள் இருக்கோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு ட்ரிப் அடிச்சாகணும் சார்" என்றார் டிரைவர் தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது.

வங்கியில் காலம் தள்ளியவனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். டீசலில் உள்ள கரி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை இப்படிக் கூடுகிறது. ஏரலிலிருந்து பாளையங்கோட்டை போய்வர சுமார் 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும் காருக்கு 5 லிட்டர் வேண்டும்; 13.5 கிலோ வாயு. ரெண்டு பேர் போனால் தலைக்கு 7 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

அதே தூரம் பஸ்ஸுக்கு, லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்தால், 16 லிட்டர். 43 கிலோ வாயு. நாற்பது பேர் இருந்தால் தலைக்கு 1 கிலோ சொச்சம்தான். மூணே பேர் இருந்தால்? தலைக்கு 14 கிலோ! காரைவிட மோசம். ஆக, பொது வண்டி என்பதாலேயே அது பசுமை வண்டி ஆகிவிடாது. நிறைந்து ஓடணும். வாழைத்தார் ஏற்றிப்போன வண்டி திரும்புகாலில் வெறுமனே வந்தால் நம்ம வயிறு எரியுமே, அதே கதைதான்.

இது நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். உலகம் முழுதும் வெளியாகும் வெப்ப வாயுக்களில் 4 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத் துறையின் பங்கு என்று 2019-இல் கணக்கிட்டார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறக்க முடியுமா? தாமிரபரணி கரை மீறி, ஏரல் பாலத்துச் சாலை அறுந்து, ஊரே தீவாயிற்று. என் வாழையில் பாதி மணலுக்கடியில். அந்த மழைக்கு ஒரு வேனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாதை அறுந்த அந்த நாட்களில், சுகர் மாத்திரை தீர்ந்துபோன பெரியவர்களை நான் பார்த்தேன். காற்று கெடுவதும் மருந்து எட்டாமல் போவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை அல்ல.

நல்ல வழியும் நம்ம ஊரிலேயே இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முதலில் கிராமத்துக்கு வந்து முகாம் போடுகிறது. அறுவை சிகிச்சை தேவைப்படுவோரை மட்டும் ஒன்றாகப் பஸ்ஸில் ஏற்றிப்போய், சிகிச்சை முடித்து, ஒன்றாகவே கொண்டுவந்து விடுகிறது. மற்றவர்களுக்கு அலைச்சலே இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு கண் மையங்களில் இருந்தபடியே வீடியோவில் டாக்டரிடம் பேசலாம்.

அங்கே ஒரு கண்புரை அறுவை சிகிச்சைக்கு சுமார் 6 கிலோ கரியமில வாயுவும் 250 கிராம் கழிவும்தான் என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிரிட்டனில் ஆகும் வாயுவில் இது சுமார் 5 சதவீதம். பலனோ இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கருவிகளைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவது இதற்கு முக்கியக் காரணம். இடுபொருளைக் கடையில் வாங்காமல் தோட்டத்திலேயே சுழற்றுகிற நமக்கு இது புரியாதா!

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நாற்பது பேர் அலைவதற்குப் பதில் ஒரு தன்னார்வலர் நடந்தால் போதும். போகாத பயணத்துக்குப் புகையே கிடையாது.

நம்மால் ஆனது:

1. மாத்திரை வாங்க மட்டும் டவுனுக்குப் போகாதீர்கள். கிராமச் சுகாதார செவிலியரிடம் கேட்டு, திட்டத்தில் பெயரைச் சேருங்கள்.

2. முன்பதிவு செய்யும்போதே, "டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே நாளில் முடியுமா?" என்று கேளுங்கள்.

3. மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் உழவர் குழுவில் நாள் பேசி, ஒரே வண்டியில் போங்கள். அவசரத்துக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே 108.

4. காலை ஓ.பி. நேரத்துக்கு டவுன் பஸ் வருகிறதா? இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

5. ஆஸ்பத்திரி வேன் நின்றபடி புகைவிட்டால், "தம்பி, இன்ஜினை அணைச்சிருங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இந்தத் தடவை எங்கள் தெருவிலிருந்து ஆறு பேர் ஒரே வேனில் போனோம். வாடகை தலைக்கு ஆறிலொரு பங்கு. "தனியா போனா வலியைத்தான் நினைச்சுக்கிட்டு இருப்பேன். இன்னிக்கு ஊர்க்கதை பேசியே போய்ட்டு வந்தாச்சு" என்றாள் வீட்டம்மா. என் கணக்கில் அந்த வரவை எந்தப் பத்தியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.