கேமரன் மலை லேண்ட் ரோவரில் மழைநீர் எங்கே நுழைகிறது?

பழைய லேண்ட் ரோவரின் கேபினில் மழைநீர் சொட்டும் இடம் ஒன்று, அது நுழையும் இடம் வேறொன்று. கூரையின் முன் விளிம்பில் புகுந்த நீர் முன்கண்ணாடிச் சட்டத்தின் உட்புறமாக இறங்கி, டேஷ்போர்டுக்குக் கீழே ஓடி, ஓட்டுநரின் வலது காலருகே சொட்டும். சொட்டும் இடத்தில் சிலிக்கானைப் பூசுவதால் பயனில்லை. அடுத்த மழையில் அதே நீர் வேறொரு மூலையில் எட்டிப் பார்க்கும். ஒழுக்கைத் தேடும் வேலையில் பொருட்செலவு குறைவு. அதற்கு வேண்டியது வரிசை தவறாத பொறுமை.

மலேசியாவின் பஹாங் மாநிலத்தில் இந்த வேலைக்குக் குறைவே இல்லாத ஊர் கேமரன் மலை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1930களில் பாரத் குழுமத்தின் தோட்டங்களும் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களின் உழைப்பில் சரிவுகள் தேயிலைக்காடாயின. லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அப்போதைய கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க வந்த பிரிட்டிஷ் படைகள் லேண்ட் ரோவர்களைப் பரவலாகப் பயன்படுத்தின. நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த வண்டி தோட்டத்து மண்பாதைகளுக்கும் காய்கறித் தோட்டச் சரிவுகளுக்கும் அப்படியே பொருந்திப் போயிற்று. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வழியில் பின்தொட்டி நிறைய முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு அரை நூற்றாண்டுப் பழசான ‘சீரிஸ்’ வகை லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன.

இந்த மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையின் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை வலுக்கும். மற்ற மாதங்களிலும் வானம் முழுதாக விடுவதில்லை. ஒருமுறை நனைந்த கேபின் தானாகக் காய்வதற்கு இங்கே அவகாசம் கிடைப்பது அரிது.

வண்டியின் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் தேடல் முடிந்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு நிலவியதால் ரோவர் நிறுவனம் வெளித்தகடுகளுக்குப் பிர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையை எடுத்துக்கொண்டது. அடிச்சட்டமும் என்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பும் எஃகுதான். கூரை, முன்கண்ணாடிச் சட்டம், கதவின் மேற்பாதி, தரைத்தகடு எல்லாம் தனித்தனித் துண்டுகள். அவை போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. முன்கண்ணாடியைப் பானட்டின் மேல் மடித்துவைக்கும்படி கீல்கூட உண்டு. எந்தத் துண்டையும் ஸ்பேனர் கொண்டு கழற்றி மாற்றலாம் என்பதால்தான் இவ்வண்டிகள் இத்தனை காலம் தாங்கின. ஆனால் ஒவ்வொரு இணைப்பும் நீர் புக ஒரு வழி. அங்கே வைத்த ரப்பர் காய்ந்து சுருங்கியதும் அந்த வழி திறந்துவிடுகிறது.

தேடத் தொடங்கும் முன், உள்ளே இருப்பது மழைநீர்தானா என்று பார்க்க வேண்டும். தானா ராத்தாவில் இரவு வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். கேபினின் ஈரக்காற்று குளிர்ந்த அலுமினியக் கூரையில் பட்டு முத்து முத்தாகத் திரண்டு காலையில் சொட்டும். மழையே பெய்யாத இரவுக்குப் பிறகும் இருக்கை நனைந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இதற்கு மருந்து காற்றோட்டம். ரப்பரை மாற்றிப் பயனில்லை. கால்பக்கத்து ஈரம் நிறத்தோடு வழவழப்பாகவும் இருந்தால் கூலன்ட் கசிகிறதா என்று ஹீட்டர் குழாயைப் பார்க்க வேண்டும். பெடலுக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தால் பிரேக் அல்லது கிளட்ச் எண்ணெய் கசிகிறது. அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து. இவற்றை நாக்கில் வைத்துப் பார்ப்பது கூடாது. கூலன்ட் நஞ்சு.

மழைநீர்தான் என்று உறுதியானால், அது எப்போது வருகிறது என்பது அடுத்த கேள்வி. வண்டி நிற்கும்போதே நனைந்தால் கூரை, கண்ணாடி, கதவு மேல்பகுதி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது மட்டும் நனைந்தால், முன்கண்ணாடியின் அடிவிளிம்பில் காற்று அழுத்தம் ஏறி நீரை உள்ளே தள்ளுகிறது என்று கொள்ளலாம். மழை விட்டபின் ஈரச்சாலையில் போகும்போதும் கால் நனைந்தால் நீர் மேலிருந்து வரவில்லை. முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுநீர் துருப்பிடித்த கால்தட்டின் ஓட்டை வழியே ஏறுகிறது. எந்தப் பக்கம் சாய்ந்து நிறுத்தினால் ஒழுகுகிறது என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது. மலைச்சரிவில் நிற்கும் வண்டியில் கூரைநீர் தாழ்ந்த மூலைக்கே போய்ச் சேரும். சமதளத்தில் அந்த மூலை வறண்டே இருக்கும்.

சோதனைக்கு இருவர் வேண்டும். முதலில் மிதியடி, இருக்கை, டேஷ்போர்டு அடிமூடி எல்லாவற்றையும் கழற்றிக் கேபினைத் துணியால் துடைத்து முழுக்கக் காயவிட வேண்டும். சந்தேகப்படும் இணைப்புகளின் உட்புறத்தில் முகப்பவுடரை மெல்லத் தூவலாம். நீர் வந்த தடம் அதில் கோடாகப் பதியும். ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து தோட்டக் குழாயால் நீரை மெதுவாக ஓடவிடுகிறார். பட்டறைகளில் வண்டி கழுவும் அழுத்தக் குழாய் இதற்கு ஆகாது. மழை ஒருபோதும் நுழையாத இடத்திலும் அது நீரைப் புகுத்திவிடும்.

நீரூற்றுவதைக் கீழிருந்து தொடங்குவதுதான் இந்தச் சோதனையின் உயிர். கூரையில் ஊற்றினால் நீர் கண்ணாடி, கதவு, கால்தட்டு எல்லாவற்றின் மேலும் வழிந்துவிடும். பிறகு எது ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கதவின் அடிப்பகுதி, பிறகு கதவின் நடு, பிறகு முன்கண்ணாடியின் அடி, பக்கம், கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடமாவது ஓடவிட வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே நீர் ஊறி மறுபக்கம் எட்ட அவ்வளவு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் குழாயை நகர்த்துகிறவர் தவறான இடத்தையே குற்றம் சொல்வார்.

தோட்டப் பாதையில் ஓடும் வண்டிக்கு இன்னொரு சோதனையும் தேவை. குண்டும் குழியுமான பாதையில் அடிச்சட்டம் முறுகுகிறது. அப்போது சமதளத்தில் மூடியிருக்கும் இணைப்பு நூலளவு திறந்துகொள்ளும். ஒரு முன்சக்கரத்தை உறுதியான மரக்கட்டை மேல் ஏற்றி, கைபிரேக்கைப் போட்டு, மற்ற சக்கரங்களுக்கு அடை வைத்து மீண்டும் நீர் விட்டால் அந்த ஒழுக்கு வெளிப்படும். பட்டறையில் ஒழுகாமல் மழையில் மட்டும் ஒழுகும் வண்டிகளில் பலவற்றின் மர்மம் இதுதான்.

அதிகம் அகப்படும் இடங்களில் முதலாவது, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் இரண்டு காற்று மூடிகள். உள்ளிருந்து திருகித் திறக்கும் இந்த மூடிகள் வழியே நேரடியாக மலைக்காற்று வரும். மூடியைச் சுற்றி மெல்லிய ரப்பர் உண்டு. ஆண்டுக்கணக்கில் அழுத்தப்பட்டு அது தட்டையாகிவிடுகிறது. கீல் துருவேறினால் மூடி ஒரு பக்கம் மட்டும் அடைத்து மறுபக்கம் மயிரிழை இடைவெளி விடும். பூச்சி வராமல் தடுக்கும் வலையில் இலைத்துகளும் மண்ணும் சேர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்க, சுற்றியிருக்கும் எஃகு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடியை அடைத்து இழுத்துப் பார்த்தால் போதும். தடையில்லாமல் காகிதம் உருவிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. கதவு ரப்பருக்கும் இதே காகிதச் சோதனை பொருந்தும். சீரிஸ் வண்டிகளின் வாரிசான டிஃபெண்டரின் 2007ஆம் ஆண்டு வடிவில்தான் இந்த மூடிகள் கைவிடப்பட்டன.

முன்கண்ணாடிச் சட்டம் தடுப்பின் மேல் உட்காரும் ரப்பர் பட்டை, சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள பட்டை, கூரை போல்ட்டுகளின் துளைகள் ஆகியவை அடுத்த வரிசை. சட்டத்தின் கீழ்மூலையில் பெயிண்ட் உப்பியிருந்தால் உள்ளே துரு ஆழமாகப் போயிருக்கிறது. புது ரப்பரை அங்கே ஒட்டினாலும் நிற்காது. கதவில், நகரும் கண்ணாடி ஓடும் தடத்தின் அடியில் நீர் வடிய வழி உண்டு. பாசியும் மண்ணும் அதை அடைத்துவிட்டால் தடம் நிரம்பி நீர் உள்பக்கம் வழியும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டாலே இந்த ஒழுக்கு நின்றுவிடும். கதவே கீலில் தொங்கிப்போயிருந்தால் கீலைச் சரிசெய்துவிட்டுத்தான் ரப்பரைத் தொட வேண்டும். கோணலாக நிற்கும் கதவுக்கு எந்த ரப்பரும் ஒத்துவராது.

தரைப்பக்கம் பார்க்க வேண்டியவை பெடல்களும் ஸ்டியரிங் தண்டும் நுழையும் துளைகள், ஒயர்கள் வரும் ரப்பர் வளையங்கள், கியர்பாக்ஸ் மூடித்தகடு ஆகியவை. இரவில் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தால் துரு ஓட்டைகள் ஒளிந்திருக்க முடியாது.

இடம் தெரிந்தபின் அடைக்கும் முறையில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள். பழைய ரப்பரின் மேலேயே சிலிக்கானைப் பூசுவது மிகக் கெட்ட வழக்கம். அது ஓட்டையை மறைத்து, உள்ளே தங்கிய ஈரத்தை வெளியேற விடாமல் பூட்டிவைக்கிறது. உலரும்போது புளிப்பு வாடை வீசும் சிலிக்கான் அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால் எஃகுக்குத் துருவையும் சேர்க்கும். பழைய ரப்பரையும் பசையையும் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, ப்ரைமர் அடித்துக் காயவிட்டுப் புது ரப்பரைப் போடுவதே சரியான வழி. கழற்ற வேண்டிவரும் போல்ட் இணைப்புகளுக்கு என்றும் கெட்டியாகாத பியூட்டைல் பட்டை ஏற்றது. கழற்றத் தேவையில்லாத பற்றவைப்புத் தையல்களுக்குப் பாலியூரித்தேன் பசை பொருந்தும். கால்தட்டில் ஓட்டை விழுந்திருந்தால் துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டும்.

அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களுக்குத் தனிக் கவனம் தேவை. நடுவே ஈரம் தங்கினால் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெண்பொடியாக உதிரும். கதவின் அடிவிளிம்பில் பெயிண்டுக்குக் கீழே வெண்மையாகப் பொருமுவது இதனால்தான். மீண்டும் பூட்டும்போது இரு உலோகங்களுக்கும் இடையில் பெயிண்ட், நாடா அல்லது நைலான் வாஷர் வைத்துப் பிரித்துவிட வேண்டும். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை எக்காரணம் கொண்டும் அடைக்கக்கூடாது. கதவுக்குள் கொஞ்சம் நீர் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக வேண்டும்.

சிறிய ஒழுக்குதானே என்று விட்டுவைப்பதில் உயிருக்கே ஆபத்து உண்டு. நனைந்த மிதியடியிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த முன்கண்ணாடியில் படிகிறது. விடியற்காலையில் கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் பக்கத்துக் குறுகிய வளைவுகளில் வெளியே மூடுபனி, உள்ளே கண்ணாடி மங்கல் என்றால் எதிரே வரும் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும். ஈரக் காலணி பிரேக் பெடலில் வழுக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் நீர் இறங்கினால் பியூஸ் முனைகள் பச்சை பூத்து விளக்கும் வைப்பரும் மழையிலேயே நின்றுபோகும்.

ஓர் இடத்தை அடைத்ததும் அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் நீர்விட்டுப் பார்த்து, வறண்டிருந்தால் அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டு மூன்று இடங்கள் ஒரே வண்டியில் சேர்ந்து ஒழுகுவது வழக்கம். எல்லாம் முடிந்த பிறகும் மிதியடியை உடனே விரிக்காமல், வெறும் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி ஒரு நல்ல மழையில் ஓட்டிப் பார்க்கலாம். தாளில் ஈரம் பட்ட இடம் மீதமிருக்கும் ஒழுக்கின் பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.