கேமராவை எங்கே வைப்பது?

"சத்தம் போடாதீங்க, ரோலிங்!" சொன்ன வாய் மூடவில்லை, காமன்வெல்த் அவென்யூ மேம்பாலத்தில் எம்ஆர்டி தடதடவென்று ஓடுகிறது. கட்! சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கு இந்த ரயில்தான் முதல் வாத்தியார். இரண்டு ரயிலுக்கு நடுவே கிடைக்கிற அமைதிக்குள் வசனத்தைப் பேசி முடித்தாக வேண்டும்.

வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சபைப் பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். லூக்கா 15ஆம் அதிகாரம், கெட்ட குமாரன் கதை. எட்டிப் பார்க்கப் போன எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! கைப்பேசிதான் கேமரா. பன்றி மேய்ப்பதற்குப் பதிலாக மகன் உணவங்காடியில் தட்டு கழுவுகிறான்.

சண்டை வந்தது கடைசிக் காட்சியில். மகன் திரும்பி வருவதை அப்பா பத்தாவது மாடி நடைவழியிலிருந்து பார்க்கிறார். மேலிருந்து எடுத்தால் மகன் புள்ளியாகத் தெரிவான். "செம ஷாட் அண்ணே!" என்று ஒரு பையன் துள்ளுகிறான்.

"எடு. அப்புறம் அப்பா என்ன செய்றார்?"

"ஓடி வர்றார்."

"அப்போ கேமரா மட்டும் ஏன் மேலேயே நிக்குது?"

அவ்வளவுதான், ஆளாளுக்குப் படிக்கட்டில் பாய்ந்தார்கள்! இப்போது கேமரா மகனின் கண் மட்டத்தில். எதிரே மூச்சிரைக்க அப்பா. படத்தில் சிலுவை இல்லை, பிரசங்கம் இல்லை. மன்னிக்கிறவர் மேலே நின்று பார்ப்பதில்லை என்பதை அந்தப் பிள்ளைகள் ஷாட் வைத்தே புரிந்துகொண்டார்கள். விசுவாசத்தோடு சினிமா கற்றுக்கொடுப்பது என்று நான் நம்புவது இதைத்தான்.

இந்த வட்டாரத்துக்கு இது பொருத்தமும்கூட. மார்கரெட் டிரைவில் வீனஸ் தியேட்டராக இருந்த கட்டடம்தான் இன்றைய சர்ச் ஆஃப் அவர் சேவியர். கோல்டன் சிட்டி தியேட்டரும் பிறகு சபையானது. ஒரு காலத்தில் படம் பார்க்கக் கூட்டம் முண்டியடித்த இடங்கள்!

பாதிரியாருக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு காஸ்டன் ரோபெர்ஜைச் சொல்வேன். கனடாவில் பிறந்த இயேசு சபைக் குரு. இந்தியாவுக்கு வரும் வழியில் நியூயார்க்கில் சத்யஜித் ராயின் அபு படங்களைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர். 1970இல் ராயின் ஆதரவோடு கொல்கத்தாவில் 'சித்ரபாணி' என்ற ஊடக மையத்தைத் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். சென்னையில் விஸ்காம் படிப்பு என்றதும் நினைவுக்கு வரும் லயோலாவும் இயேசு சபையார் நடத்தும் கல்லூரிதான்.

இளையர் குழு நடத்துகிறவர்களே, இந்த முறை கிறிஸ்துமஸ் நாடகத்தைப் பிள்ளைகளிடம் படமாக எடுக்கக் கொடுங்கள். வசனத்தை அவர்களே எழுதட்டும். கேமராவை எங்கே வைப்பது என்று மட்டும் கூட உட்கார்ந்து பேசுங்கள்.