ஏழெட்டு உயிர் என்றொரு கணக்கு

ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினால் ஏழெட்டுப் பேர் கொலையாகாமல் தப்பலாம். அமெரிக்கப் பொருளியலாளர் ஐசக் எர்லிக் 1975இல் வெளியிட்ட கணக்கு இது. 1933 முதல் 1969 வரையிலான நாடு தழுவிய புள்ளிவிவரங்களிலிருந்து அதை எடுத்திருந்தார். மரண தண்டனை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருந்த நேரம் அது. மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் அந்த ஆய்வைக் கொண்டுபோய் நீதிபதிகள் முன் வைத்தார். மற்ற ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். 1960களின் கடைசிச் சில ஆண்டுகளை நீக்கியதும் அந்த ஏழெட்டு உயிரும் கணக்கிலிருந்து மறைந்தன. 1962இல் 47 பேருக்கு நிறைவேறிய தண்டனை 1967இல் இரண்டு பேராகச் சுருங்கியது. அதே காலத்தில் கொலை மட்டுமல்ல, திருட்டும் வழிப்பறியும் சேர்ந்தே பெருகின. தண்டனை குறைந்ததால்தான் கொலை கூடியது என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? 1976இல் கிரெக் வழக்கில் நீதிமன்றம் மரண தண்டனையை அனுமதித்தது உண்மை. ஆனால் இந்தப் புள்ளியியல் சான்றுகளால் எதுவும் முடிவாகவில்லை என்று பெரும்பான்மைத் தரப்பின் முதன்மைத் தீர்ப்பே சொன்னது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய தர்குட் மார்ஷல், கடைசி ஆண்டுகளை நீக்கினால் என்ன ஆகிறது என்பதையே எடுத்துக்காட்டினார்.

எர்லிக்கின் எண்கள் பெரும்பாலும் அரசு வெளியிட்டவை என்பதால்தான் இந்தச் சோதனை நடந்தது. ஆய்வாளரே தீர்ப்புகளைப் படித்து வகைப்படுத்திய தரவு என்றால், அவர் மேசை இழுப்பறையைத் தாண்டி யாரும் போக முடியாது. சட்டக் கட்டுரைகளில் வரிக்கு வரி அடிக்குறிப்பு இருக்கும், தீர்ப்பின் பக்க எண் வரை. எண்ணுக்கு அது போதாது. எந்த வழக்குகளைச் சேர்த்தார், எவற்றை விட்டார், எப்படிப் பிரித்தார் என்ற குறிப்பும் தரவுக் கோப்பும் கூடவே வேண்டும். அமெரிக்கச் சட்ட இதழ்களைப் பெரும்பாலும் மாணவர்களே பதிப்பிக்கிறார்கள். மேற்கோளை ஒத்துப் பார்ப்பதில் அவர்கள் கெட்டி, ஆனால் புள்ளியியல் அவர்கள் படித்த பாடமல்ல.

கைதிகளும் பாதிக்கப்பட்டவர்களும் நம்பிச் சொன்னதை வெளியிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெயரையும் அடையாளத்தையும் நீக்கலாம், நிபந்தனையோடு மட்டும் தரலாம். எதுவும் முடியாவிட்டாலும் வகைப்படுத்திய முறையை மறைக்கக் காரணமில்லை. வியர்வை சிந்தித் திரட்டியதை மற்றவர் அள்ளிக்கொண்டு போவதா என்ற ஆதங்கமும் உண்டு. தன் கட்டுரைகளை முடிக்கும்வரை ஒன்றிரண்டு ஆண்டு கையில் வைத்திருக்கட்டும். நீதிமன்றத்தில் சான்றாக வந்த எண்ணுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த எண்ணால் உயிர் போகக்கூடியவரின் வழக்கறிஞருக்கு, கோப்பை அன்றே கேட்டு வாங்கும் உரிமை வேண்டும்.