படிப்பு முடிந்த பிறகு எத்தனை மாதம்?

நாச்சாரத்திலும் அதைச் சுற்றியுள்ள மல்லாப்பூர், ஹப்சிகுடா, உப்பல் பகுதிகளிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி இங்கு வந்தவர்கள். ரயில்வேயிலும், தொழிற்பேட்டையிலும், மத்திய அரசின் ஆராய்ச்சிக் கூடங்களிலும் வேலை பெற்று, நியமன உத்தரவோடு வந்தவர்கள் உண்டு. சித்தப்பாவின் முகவரியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கியவர்களும் உண்டு. எப்படி வந்திருந்தாலும், வருவதற்காக வீட்டை அடமானம் வைத்தவர் அநேகமாக யாரும் இல்லை.

நம் பிள்ளைகள் புறப்படும் விதம் வேறாக இருக்கிறது. பி.டெக். முடித்த கையோடு எம்.எஸ். படிக்க விமானம் ஏறுகிறார்கள். முதலில் கடன், பிறகு படிப்பு, அதற்கும் பிறகுதான் வேலை. வரிசை தலைகீழாக மாறிவிட்டதால், பெற்றோராகிய நாம் சில விவரங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

விசா கிடைக்க வேண்டும் என்று சில்கூர் பாலாஜி கோயிலில் 11 சுற்றும், கிடைத்தபின் 108 சுற்றும் சுற்றுவது நம் ஊர் வழக்கம். அந்த 108 சுற்று முடிந்த பிறகுதான் உண்மையான கணக்கே தொடங்குகிறது. "எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?" என்று மட்டும் கேட்டால் போதாது. படிப்பு முடிந்த பிறகு அந்த நாடு எத்தனை மாதம் தங்கி வேலை தேட விடும்? அந்த மாதங்களுக்குள் வேலை கிடைக்குமா? கிடைத்தால், அந்த வேலை அடுத்த விசாவுக்குத் தகுதியானதாக இருக்குமா? இந்த மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

படிப்புக்குப் பிந்தைய விசா என்பது வேலை அல்ல. வேலை தேடவும் செய்யவும் கொடுக்கப்படும் கால அவகாசம் மட்டுமே. இனி ஒவ்வொரு நாடாகப் பார்ப்போம்.

அமெரிக்கா

மாணவர் விசாவில் படித்தவர்களுக்கு ஓ.பி.டி. என்ற பயிற்சி அனுமதி 12 மாதம் உண்டு. கம்ப்யூட்டர், பொறியியல், கணிதம், விஞ்ஞானப் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆக மொத்தம் 36 மாதம். 2008-இல் 17 மாதமாகத் தொடங்கிய நீட்டிப்பு, 2016-இல் 24 மாதமாக உயர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டிய நிபந்தனைகள் சில உள்ளன. முதல் 12 மாதத்தில் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90-ஐத் தாண்டக் கூடாது. நீட்டிப்பையும் சேர்த்தால் 150 நாட்கள். நீட்டிப்புக் காலத்தில் வேலை கொடுக்கும் நிறுவனம், இ-வெரிஃபை என்ற அரசுத் திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்த 60 நாள் வரைதான் ஓ.பி.டி.க்கு விண்ணப்பிக்க முடியும். தள்ளிப் போட்டால் அனுமதியே போய்விடும்.

அதற்கு அடுத்த படிதான் எச்-1பி. ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அமெரிக்காவில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 பேருக்கும் இடம். கேட்பவர்கள் பல மடங்கு என்பதால் குலுக்கல் நடக்கிறது. 2025 மார்ச்சில் தகுதியுடன் பதிவானவை சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம். தேர்வானவை சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். அதாவது நூற்றுக்கு 35. முப்பத்தாறு மாதத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று மார்ச் மாதங்கள் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இதே விகிதத்தில் போனால், நாலில் ஒருவருக்கு மூன்று முறையும் பெயர் வராது. நன்றாகப் படித்தும், நல்ல வேலையில் இருந்தும் திரும்பி வர நேரிடும் பிள்ளைகள் இவர்கள்தான். குற்றம் அவர்களுடையது அல்ல.

பின்னர் இரண்டு மாற்றங்கள் வந்தன. 2025 செப்டம்பரில் பிறப்பிக்கப்பட்ட 12 மாதப் பிரகடனம், புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. இரண்டாவது, 2026 பிப்ரவரி இறுதியில் நடைமுறைக்கு வந்த விதி. இதன்படி குலுக்கல் எல்லோருக்கும் சமமானது அல்ல. சம்பளப் படிநிலை நான்கில் மேலே உள்ளவருக்கு நான்கு சீட்டு என்றால், கீழ்ப்படியில் உள்ளவருக்கு ஒரே சீட்டு. புதிதாகப் படிப்பு முடித்தவர்கள் பெரும்பாலும் எந்தப் படியில் இருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எச்-1பி கிடைத்தபின் கிரீன் கார்டுக்கு நிற்கும் வரிசை வேறு. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால், வேலை வழியாக விண்ணப்பிக்கும் இந்தியர்களில் பெரும்பாலோருக்கு அது பத்து ஆண்டுகளைத் தாண்டிய வரிசையாக நீள்கிறது.

பிரிட்டன்

2012-இல் நிறுத்தப்பட்ட வசதி, 2021 ஜூலை 1 முதல் கிராஜுவேட் விசா என்ற பெயரில் திரும்பி வந்தது. பட்டம், முதுகலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 2 ஆண்டு. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு 3 ஆண்டு. ஆனால் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு 18 மாதமாகக் குறைகிறது. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மாற்றமில்லை. இந்த விசாவில் எந்த வேலையும் செய்யலாம். ஆனால் நீட்டிக்க முடியாது.

அது முடிந்தபின் தங்க வேண்டுமானால் ஸ்கில்டு ஒர்க்கர் விசா தேவை. அதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரலில் 38,700 பவுண்டு ஆனது. 2025 ஜூலையில் 41,700 ஆக உயர்ந்தது. புதிதாகத் தொழிலில் நுழைபவர்களுக்கு 33,400 என்ற சலுகை உண்டு. அந்தந்த வேலைக்கென்று தனியாக நிர்ணயித்த சம்பளமும் இருக்கிறது. இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. முதுகலை ஒரே ஆண்டில் முடிவதால் செலவு குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் போய் இறங்கி, குளிருக்குப் பழகுவதற்குள் வேலை தேடும் காலமும் வந்துவிடும். சாதாரண முதுகலை படிப்பவர்கள் மனைவி அல்லது கணவரை உடன் அழைத்துச் செல்லும் வசதி 2024 ஜனவரியில் எடுக்கப்பட்டுவிட்டது. திருமணமான பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கனடா

இங்கு வேலை அனுமதி படிப்பின் காலத்தைப் பொறுத்து 8 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை. முதுகலைப் பட்டத்துக்கு, படிப்பு இரண்டு ஆண்டுக்குக் குறைவாக இருந்தாலும் 3 ஆண்டு கிடைக்கும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். 2024 நவம்பர் 1 முதல் இந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு, ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழித் தேர்ச்சியும் கட்டாயம். காலேஜ் டிப்ளமோ படிப்புகளில், அரசு குறிப்பிட்ட துறைகளுக்கு மட்டுமே வேலை அனுமதி. "ஏதோ ஒரு டிப்ளமோவில் சேர்ந்து போய்விடலாம்" என்ற பழைய யோசனை இனி செல்லாது. 2024 முதல் மாணவர் அனுமதிகளுக்கே உச்சவரம்பும் வைத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியா

வகுப்பில் படித்துப் பெறும் முதுகலைக்கு 2 ஆண்டு. 35 வயதுக்கு மேல் கூடாது என்று 2024 ஜூலை முதல் விதி. ஆனால் இந்தியாவுடன் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தால் நம்மவர்களுக்கு முதுகலைக்கு 3 ஆண்டும், ஆராய்ச்சிப் பட்டத்துக்கு 4 ஆண்டும் வரை கிடைக்கிறது. மாணவர் விசாக் கட்டணம் மட்டும் 710 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆகவும், 2025 ஜூலையில் 2,000 ஆகவும் ஏறிவிட்டது. விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பாது.

ஜெர்மனியும் அயர்லாந்தும்

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம் போன்ற வெளிநாட்டவருக்கு அரையாண்டுக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. படித்தபின் வேலை தேட 18 மாதம். தகுதியான வேலை கிடைத்தால் புளூ கார்டு. அதில் 27 மாதத்தில், ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்தால் 21 மாதத்தில், நிரந்தர அனுமதி பெறலாம். ஆனால் ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் மொழியின் அருமை தெரிகிறது. இங்கிருக்கும்போதே மொழி கற்கத் தொடங்குவது நல்லது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம்.

அயர்லாந்தில் பட்டத்துக்கு 12 மாதமும் முதுகலைக்கு 24 மாதமும் தங்கலாம். கூகுள், மெட்டா போன்ற நிறுவனங்களின் ஐரோப்பியத் தலைமை அலுவலகங்கள் டப்ளினில் இருப்பது அனுகூலம். நாடு சிறியது, வீட்டு வாடகை பெரியது என்பது பிரதிகூலம்.

வேலை நிலவரம்

விசா மாதங்களை மட்டும் ஒப்பிட்டால் படம் முழுமை பெறாது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும், அமேசான் 18,000 பேரையும் நீக்குவதாக அறிவித்தன. 2025-இல் மீண்டும் மைக்ரோசாப்ட் இரண்டு தவணையாகச் சுமார் 15,000 பேரைக் குறைத்தது. புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுத்துவந்த சின்னச் சின்ன புரோகிராம் வேலைகளில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் செய்யத் தொடங்கிவிட்டன. அனுபவம் இல்லாதவருக்கு முதல் வேலைதான் கடினம். விசாக் கடிகாரமோ அந்த முதல் வேலைக்காகத்தான் ஓடுகிறது. ஆகவே இங்கு இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுச் செல்லும் பிள்ளை, நேராகச் செல்லும் பிள்ளையைவிடச் சற்று பலமான நிலையில் இருப்பான்.

கடன் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். 40 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டில் அடைப்பது என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். முழுத் தொகையையும் முதலிலேயே வாங்கி, படிக்கும் இரண்டு ஆண்டுக்கும் வட்டி கட்டாமல் விட்டால், தனிவட்டியாகவே 8 லட்சத்து 80 ஆயிரம் ஏறும். தவணை 67,000-ஐத் தொடும். டாலரில் சம்பாதித்தால் இது பெரிய தொகை அல்ல. திரும்பி வந்து ஹைதராபாத்தில் தொடக்கச் சம்பளத்தில் சேர்ந்தால், வாங்குவது முழுவதும் இதற்கே போதாமல் போகலாம். ஆகவே பிள்ளை இங்கேயே சம்பாதித்தாலும் அடைக்கக் கூடிய கடனா என்று முதலில் பாருங்கள். இருக்கிற ஒரே வீட்டையும், தங்கையின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தையும் ஒரு குலுக்கல் சீட்டின் மீது வைப்பது சரியா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். படிக்கும் காலத்தில் வட்டியையாவது கட்டி வந்தால் பாரம் பெருமளவு குறையும்.

ஏமாறாமல் இருக்க

குறுக்கு வழி காட்டும் ஏஜெண்டுகளிடம் எச்சரிக்கை தேவை. 2011-இல் கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது அதிகம் தவித்தது ஆந்திர மாணவர்கள். 2019 ஜனவரியில் மிச்சிகனில் ஃபார்மிங்டன் என்ற பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்த 129 இந்தியர்கள் கைதானார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தியதே அமெரிக்கக் குடியேற்றத் துறைதான். அங்கு வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. "சேர்ந்த முதல் நாளே முழு நேர வேலை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். படிக்கும்போதே 12 மாதம் முழு நேரப் பயிற்சி வேலை செய்தவருக்கு, அதே பட்டத்துக்கான ஓ.பி.டி. உரிமை போய்விடுகிறது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி வையுங்கள். கல்லூரி அந்நாட்டு அரசின் பட்டியலில் உள்ளதா? இந்தப் பட்டத்துக்கு வேலை அனுமதி எத்தனை மாதம்? அடுத்த விசாவுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? வேலை கிடைக்காவிட்டால் கடனை எப்படி அடைப்போம்? விதிகள் அடிக்கடி மாறுவதால், முதல் மூன்றையும் அந்தந்த அரசின் அறிவிப்பிலேயே நேரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான்காவதற்கு, அங்கே படித்த பிள்ளைகள் இருவரிடமாவது பேசுங்கள்.

திரும்பி வருவதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. 1998-இல் சைபர் டவர்ஸும் மைக்ரோசாப்டின் மென்பொருள் மையமும் வந்த இந்த நகரத்தில், 2019-இல் அமேசான் மாபெரும் வளாகத்தைத் திறந்தது. ஹப்சிகுடாவில் மெட்ரோ ஏறினால் ஹைடெக் சிட்டிக்கு ஒரே வண்டி. திரும்பி வரும் பிள்ளையிடம் "ஏன் வந்தாய்?" என்று உறவினர் கூடிக் கேட்காமலிருந்தாலே, அவனோ அவளோ அடுத்த வேலையைத் தெம்பாகத் தேடிக்கொள்வார்கள். அந்தத் தெம்பைக் கொடுக்க வேண்டியது நாம்தான். புறப்படும் பிள்ளைகள் அனைவருக்கும் நம் வாழ்த்துக்கள்.